ஐந்தாம் பொருளின் சாட்சி

அந்த வீட்டில் ஆறு வருஷமாக யாரும் அழவில்லை. அழக்கூடாது என்பது மாமியார் உத்தரவு.

மாமியார் முப்பத்தொரு வருஷம் கோர்ட்டில் டைப் அடித்தவர். எத்தனையோ பேருடைய தலையெழுத்தை நான்கு நகல் எடுத்து, மூலையில் குண்டூசி குத்தி அனுப்பியவர். முத்திரை இல்லாத எதையும் நம்பமாட்டார். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அவருடைய ஒரே மகன் விமான மெக்கானிக். ஒரு வியாழக்கிழமை காலையில், பழுது பார்த்த சரக்கு விமானத்திலேயே ஏறிப் போனான். கடலுக்கு மேல் போன விமானம் அப்படியே காணாமல் போயிற்று. கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து வருத்தம் தெரிவித்தார்.

"போன்ல சொன்னானா? போன்ல யார் வேணா என்ன வேணா சொல்லலாம்" என்றார் மாமியார். "செத்துட்டான்னு முத்திரை வெச்ச பேப்பர் வரட்டும், நான் அழறேன். அதுவரைக்கும் இந்த வீட்ல ஒருத்தரும் அழக்கூடாது. அழுதா நாமளே அவனைக் கொன்ன மாதிரி ஆயிடும்."

ஒருத்தரும் என்றால் யார்? இருந்ததே இரண்டு பேர்தான். மாமியார் ஒருவர், மருமகள் ஒருத்தி. மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். தெருவில் கண்ணாடிக்காரி என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். அழுகை வரும்போதெல்லாம் அவள் அதை எச்சில் மாதிரி விழுங்கிவிடுவாள். ஆறு வருஷம் விழுங்கிப் பாருங்கள், தெரியும். கழுத்தைத் திருப்பினால் வலித்தது. சாப்பாடு இறங்கவில்லை. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார்.

காணாமல் போய் ஆறு வருஷம் கழிந்தால் இறந்ததாகப் பதிவு செய்யலாம் என்பது அந்த ஊர்ச் சட்டம். கண்ணாடிக்காரி நாள் எண்ணிக்கொண்டிருந்தவள், ஏழாம் வருஷத்தின் முதல் திங்கட்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். படிவத்தின் பதினேழாம் கட்டத்தில், எதில் இறந்தார் என்று கேட்டிருந்த இடத்தில், விமானத்தில் என்று எழுதிக் கொடுத்தாள்.

பதிவாளர் அதைப் படித்துவிட்டு பேனாவைக் கீழே வைத்தார். "விமானம்னு எழுதியிருக்கீங்க. எந்த விமானம்?"

"சரக்கு விமானம் சார்."

"அதைக் கேக்கலம்மா. எந்தப் பொருள்ல விமானம்? அந்தச் சொல்லுக்கு அஞ்சு பொருள் இருக்கு. பதினேழாம் கட்டத்துல எழுதற ஒவ்வொரு பெயருக்கும் அது இன்னும் புழக்கத்துல இருக்குன்னு சொல்லாணையத்துல நடப்புச் சான்று வாங்கிட்டு வரணும். போன மாசம் ஒருத்தர் மாடிப்படில உருண்டு செத்தாரு. மாடிக்குச் சான்று இருந்துச்சு, படிக்கு இல்ல. எங்க பதிவேட்டுல இன்னிக்கு வரைக்கும் நல்லா இருக்காரு."

"பிளேன்னு எழுதிக்கலாமா சார்?"

"அது அகராதியிலயே இல்லையே. இல்லாத ஒண்ணுல உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா ஏறியிருப்பார்?"

"வானூர்தி?"

"அது மேலிடத்துல இருக்கு. எப்ப இறங்கும்னு யாருக்கும் தெரியாது. அடுத்தவங்க வாங்க!"

சொல்லாணையம் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி, நான்கு மாடிச் சாம்பல் நிறக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை. இன்று உயிருடன் உள்ள சொற்கள் என்று மேலே பெயின்டில் எழுதி, கீழே சாக்பீஸால் எண் போட்டிருந்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊழியர் ஒருவர் வந்து கடைசி எண்ணை ஈரத்துணியால் துடைத்து, ஒன்றைக் குறைத்து எழுதிவிட்டுப் போனார். எந்தச் சொல் போயிற்று என்று வரிசையில் நின்றவர்கள் யாரும் கேட்கவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்ததை மடக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட மூலையில் சாய்த்து வைத்தாள். அதற்கு என்ன பெயர் என்று திடீரென்று அவளுக்கு நினைவு வரவில்லை. கருப்புத் துணி, கம்பி, வளைந்த கைப்பிடி எல்லாம் தெரிந்தது. பெயர் மட்டும் வரவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்கலாம் என்று திரும்பினாள். அவரும் தன் கையிலிருந்ததையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனவளை நேராக ஐந்தாம் பொருளுக்கு அனுப்பிவிடுவார்களா? அப்படி அனுப்பினால் மற்ற நான்கு பொருளுக்கும் மரியாதை என்ன ஆவது? முதலில் வந்தது முதலில் என்பது அங்கே விதி. ஆகவே அவள் வரிசையாகப் போனாள்.

முதல் பொருள், அளத்தல். அந்த அறை அதிகாரி கழுத்தில் டேப் போட்டிருந்தார். அவள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் தோளிலிருந்து தரைவரை அவளை அளந்து எழுதிக்கொண்டார்.

"எதுக்கு சார்?"

"இந்த அறைக்குள்ள வந்த யாரையும் நாங்க அளக்காம அனுப்பினதில்ல. ஆதியில இந்தச் சொல்லுக்கு அளக்கறதுதான் அர்த்தம். வானத்தை அளந்துக்கிட்டே போறதுன்னாங்க. அப்புறம்தான் பறக்கறது அது இதுன்னு கண்டவங்க உள்ள பூந்தது. உங்க வீட்டுக்காரர் உயரம் என்ன?"

"அளந்ததில்ல சார். எங்க வீட்டு நிலைப்படில தலை இடிக்கும். மறந்துபோய் இடிச்சுக்கிட்டு, என்னைத் திட்டிக்கிட்டே உள்ள வருவாரு."

அதிகாரி யோசித்து, 'ஒரு நிலைப்படி, கூட ஓர் இடி' என்று எழுதி ஒப்பம் போட்டார்.

இரண்டாம் பொருள், தெய்வங்கள் ஏறிச் செல்லும் ஊர்தி. அங்கே ஊதுவத்தி புகையவில்லை, ஃபேன்தான் சுற்றியது. அதிகாரி செருப்பைக் கழற்றச் சொல்லி உட்கார வைத்தார்.

"உங்க வீட்டுக்காரர் தெய்வமா, மனுஷரா?"

"மனுஷர்தான் சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சில பேர் வீட்ல சொல்லமாட்டாங்க."

"குளிச்சிட்டு ஈரத்துண்டை மெத்தை மேல போடுவாரு சார்."

"ஓஹோ. அப்ப மனுஷர்தான்" என்று பெருமூச்சோடு மறுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பல வருஷமாக அவருக்கு ஒரு தெய்வமும் வரவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்றாம் பொருள் ஏழு அடுக்கு மாளிகை. கட்டடத்தில் நான்கு மாடிதான் இருந்தபடியால் அந்த அதிகாரி நான்காம் மாடியில் உட்கார்ந்து, மீதி மூன்றைக் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவே இல்லை. நான்காம் பொருள் கோயிலில் கருவறைக்கு மேலே எழும் கட்டடம். அந்த அதிகாரி அவளுடைய சீட்டைப் பார்த்ததும் கோபத்தில் சிவந்துபோனார். "எங்க விமானம் எத்தனையோ நூறு வருஷமா வெச்ச இடத்துல அப்படியே நிக்குது. ஒண்ணாவது காணாமப் போயிருக்கா? நின்ன இடத்துல நிக்கத் தெரியாததுக்கெல்லாம் எங்க பேரைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றார். கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கும் அவள்தான் காரணம் என்பது போல இருந்தது.

மத்தியானம் ஒரு மணி வாக்கில் ஐந்தாம் பொருளுக்கு வந்து சேர்ந்தாள். தாழ்வாரத்தின் கோடியில், குழல் விளக்கு விட்டு விட்டு எரிகிற ஒரு சின்ன அறை. எழுத்தர் ஓர் ஒல்லியான அம்மாள், தோளில் கம்பளிச் சால்வை போட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான் அவளைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

கேட்டதும் கண்ணாடிக்காரிக்கு அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டு, "பறக்கற விமானம்னு ஒரு சான்று வேணும்மா. எங்க வீட்டுக்காரர் அதுல போய் இறந்துட்டாரு. பதிவுல கேக்கறாங்க" என்றாள்.

"அதுக்கென்ன, சாட்சி இருந்தா அஞ்சே நிமிஷம்" என்றார் எழுத்தர் அம்மாள். பிறகு விளக்கினார். ஆணையத்தில் ஒரு சொல்லின் பொருள் என்பது தானாக உயிரோடு இருப்பதில்லை. அந்தப் பொருளைக் கையால் தொட்டு அறிந்த ஒருவர் சாட்சியாக இருக்கவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை நேரில் வந்து, சாட்சி மண்டபத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் பொருள் உயிரோடு இருக்கும். போடாவிட்டால் கரும்பலகையில் ஒன்று குறையும். "தோசைக்கல்லுக்கு ஒரு சாட்சி, தும்மலுக்கு ஒரு சாட்சி. எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. இரு, உன்னோடதைப் பாக்கறேன்."

பதிவேட்டைப் புரட்டி, விரலை வைத்து, ஒரு பெயரைப் படித்தார். தொழில் விமான மெக்கானிக் என்றும் படித்தார். வீட்டு விலாசத்தையும் படித்தார்.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அது எங்க வீட்டுக்காரர்மா."

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், 'விமானத்தைக் கையால் தொட்டு அறிந்த ஓர் ஆளை அனுப்பவும்' என்று விமான நிலையத்துக்குக் கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்கு வேலை இல்லாமல் நின்றவன் அவன்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "ஏதோ ஆபீசுல கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். டீ மட்டும் சூப்பர்" என்று சொன்னான். அப்புறம் அவன் அதைப் பற்றிப் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

"நல்ல சாட்சிம்மா" என்றார் எழுத்தர் அம்மாள். "ஒரு வருஷம் விட்டதில்ல. இந்த வருஷம்கூட வந்து போட்டுட்டாரே."

"இந்த வருஷமா?"

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பதினொரு வரிகள். பதினொரு கையெழுத்துகள். கண்ணாடிக்காரி லென்ஸில் முடியைவிட மெல்லிய கீறலைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள். அவள் குனிந்து, மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். முதல் எழுத்தைக் கீழிருந்து மேலாக இழுக்கிற அந்தக் கோணல் யாருக்கும் வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்தும் திருந்தாத கோணல் அது. முதல் ஐந்து கையெழுத்திலும் இருந்தது. பின்னால் வந்த ஆறிலும் இருந்தது. அவள் கல்யாணப் பதிவில் பார்த்தது, கடைசியாக எழுதி வைத்துவிட்டுப் போன மளிகைச் சீட்டில் பார்த்தது, எல்லாம் இதே கோணல்தான். எதிரே மணி பத்து, மணி பத்து என்று நேரம் குறித்திருந்தது.

"இதெல்லாம்..." அவள் கடைசி வரியில் விரலை வைத்தாள். "இதெல்லாம் நீங்க போட்டதா?"

எழுத்தர் அம்மாள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? பாதி சாட்சிங்க போய்ச் சேந்து எத்தனையோ காலம் ஆச்சு. யாராவது போட்டாத்தானே சொல்லு ஓடும்? பதினாறு நாற்காலிக்கு நான்தான் போடறேன். எனக்கு முன்னாடி இருந்தவரும் போட்டாரு. ஆனா சத்தியமாச் சொல்றேன், இவரோடதை மட்டும் நான் போட்டதில்லம்மா. ஒன்பதே முக்காலுக்கு வந்து பார்ப்பேன், இருக்காது. பத்தடிச்சதும் பார்ப்பேன், இருக்கும். மை ஈரமா இருக்கும்."

"யாரும் அவரைப் பாத்ததில்லையா?"

"சாட்சி வந்தாரான்னுதான் விதியில கேட்டிருக்கு. பாத்தியான்னு கேக்கலையே."

அவள் அந்த மண்டபத்தைக் காட்டச் சொன்னாள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை, கதவிடுக்கு வழியாகப் பார்க்கலாம் என்றார் எழுத்தர் அம்மாள். நீளமான கூடம். மரநாற்காலிகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதிய பலகை. எல்லாமே காலி. ஆனாலும் காலியாக இருக்கிற அறை மாதிரி இல்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் அவள் எட்டிப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாற்போல இருந்தது. ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு டீக் கோப்பை. காலையில் வைப்பதும் மத்தியானம் எடுப்பதும் ஊழியர் ஒருவரின் வேலை. அவர் அந்த நேரம் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். விமானம், ஐந்து என்று ஒட்டியிருந்த கோப்பையில் பாதிதான் இருந்தது. மேல்விளிம்பில் பாலாடை ஒட்டியிருந்தது.

"குறையும்மா. எல்லாக் கோப்பையும் கொஞ்சம் குறையும். காத்து வாங்கிக்கும்" என்றார் ஊழியர். அவள் கையை நீட்டிக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

இனி அவள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவளுக்குச் சந்தேகமே இல்லை. புருஷன் செத்துப்போய் ஆறு வருஷம். அழுவதற்கு ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். இப்போது தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு நிலைப்படியாக நிமிர்ந்து பார்த்தாள். இருக்கிறானா? இருந்தால் வீட்டுக்கு ஏன் வரவில்லை? என்னிடம் கோபமா? அந்த வியாழக்கிழமை காலையில் ஈரத்துண்டுக்காகக் கத்தினேனே, அதற்கா? ஆறு வருஷம் விழுங்கியதைவிட இந்த அரைமணி நேரம் அவளை அதிகமாக வாட்டியது.

"அப்ப சான்று குடுங்கம்மா" என்றாள் கடைசியில்.

எழுத்தர் அம்மாளுக்கு முகம் வாடியது. "எப்படிக் குடுப்பேன்? சான்றுல சாட்சி பேரைப் போடணும். சாட்சி உயிரோட இருக்காருன்னு போடணும். அதை எடுத்துக்கிட்டுப் போய் அதே ஆள் செத்துட்டாருன்னு நீ பதிவு பண்ணுவே. அவர் செத்தா அந்தப் பொருளும் செத்துரும். பொருள் செத்தா பறக்கற விமானம்னு ஒண்ணு கிடையாது. கிடையாததுல அவர் எப்படிச் சாவாரு?"

"வேற ஒருத்தரைச் சாட்சியாப் போடுங்களேன். ஏர்போர்ட்டுல ஆயிரம் பேர் இருக்காங்க."

"போடலாமே. பழைய சாட்சியோட இறப்புச் சான்றிதழ் கொண்டா."

கண்ணாடிக்காரி சுவரில் சாய்ந்துவிட்டாள். எழுத்தர் அம்மாள் தண்ணீர் கொடுத்தார். "தலைவரைப் பாரு" என்றார். "அவர் நினைச்சா ஏதாவது செய்யலாம். ஆனா அவர் நினைச்சு நான் பாத்ததில்ல."

தலைவர் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. தரையில் கம்பளம், சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள். எல்லாப் படங்களின் கீழும் பதவியேற்ற தேதி இருந்தது, விலகிய தேதி ஒன்றிலும் இல்லை. தலைவர் சந்தனக்கலர் சட்டை போட்ட, நன்றாகச் சாப்பிட்டு ஓய்ந்த மனிதர். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்து நின்றார். இரண்டு பேர் இருக்கிற அறையில் மேடையில் பேசுவது போலப் பேசத் தொடங்கினார்.

"அம்மா! நீங்கள் ஒரு பேராசிரியரிடம் போயிருந்தால் இந்தச் சொல் எப்படிப் பிறந்தது, அளந்தது எப்படித் தேரானது, தேர் எப்படி மாளிகையானது, மாளிகை எப்படிக் கோயில் மேல் ஏறியது, கடைசியில் எப்படி என்ஜின் வைத்துக்கொண்டு பறந்தது என்று பாடம் நடத்தியிருப்பார். நாங்கள் அப்படியெல்லாம் சொல்லை ஆராய்வதில்லை. அது எங்கள் வேலையும் அல்ல. நாங்கள் அதைப் பாதுகாக்கிறோம். எங்கள் சாட்சி மண்டபத்தைப் பார்த்தீர்களா? முதல் பொருளின் சாட்சி நூற்றுப் பன்னிரண்டு வருஷமாகக் கையெழுத்துப் போடுகிறார். ஒருநாள் லீவு இல்லை, ஒரு கோரிக்கை மனு இல்லை, சம்பள உயர்வு கேட்டதில்லை. உயிரோடு இருக்கும் ஊழியர்களிடம் இந்த ஒழுக்கத்தை நான் பார்த்ததே இல்லை! இந்த ஆணையத்தில் இதுவரை ஒரு சாட்சிகூட இறந்ததாகப் பதிவு இல்லை. அந்தப் பெருமையை என் காலத்தில், என் கையால் கெடுக்கச் சொல்கிறீர்கள்."

"சார், எனக்குப் பெருமையெல்லாம் தெரியாது" என்றாள் அவள். "அவரு செத்துட்டாரா, இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க. செத்துட்டார்னா ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. வீட்ல என் மாமியாருக்கு எழுபத்தினாலு வயசு. ஆறு வருஷமா அழாம உக்காந்திருக்காங்க. அழாமலே அவங்களும் போயிடுவாங்க சார்."

தலைவர் மேஜையைச் சுற்றி வந்து அவள் அருகில் நின்றார். குரல் இறங்கியது. மனிதர் மாதிரி பேசினார் என்றே சொல்லலாம்.

"எழுதிக் கொடுத்துவிடுவேன் அம்மா. ஆனால் சாவு என்ற சொல்லுக்கும் ஒரு சாட்சி வேண்டுமே. தொட்டு அறிந்தவராக இருக்கவேண்டும். அந்த நாற்காலிதான் எங்களுக்குப் பெரிய தலைவலி. அனுபவம் உள்ளவர்கள் யாரும் நேர்காணலுக்கு வருவதில்லை. தற்காலிகமாக என் மைத்துனரைப் போட்டிருக்கிறேன். அவர் கையெழுத்தை வைத்து நான் எப்படி ஒருவரைச் சாகடிப்பது? என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை."

மனசாட்சிக்கு எந்த நாற்காலி என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு இருந்தால்தானே?

தலைவர் மணியடித்தார். "வெறுங்கையோடு யாரையும் அனுப்பும் வழக்கம் இந்த ஆணையத்துக்குக் கிடையாது. எங்களால் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறோம்." எழுத்தர் அம்மாள் ஒரு தடித்த காகிதத்தோடு வந்தார். தலைப்பில் இருப்புச் சான்று என்று இருந்தது. அதில் தலைவர் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் அம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒன்றல்ல, மூன்று முத்திரைகள் விழுந்தன, நீலம், சிவப்பு, பச்சை என்று. சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அவள் அதை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். மழை விட்டிருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஏறுகிற ஒவ்வோர் ஆணையும் பார்த்தாள். உயரமாக ஒருவன் குனிந்து ஏறியபோது அவள் பாதி எழுந்துவிட்டாள். அவன் டிக்கெட் எடுத்துவிட்டு முன்பக்கம் போய் நின்றான், வேறு யாரோ. பாலத்தின் மேல் பஸ் நின்றபோது காகிதத்தைக் கிழித்து ஆற்றில் போட்டுவிடலாமா என்று நினைத்தாள். செத்ததற்குக் காகிதம் கேட்ட தாயிடம், இருக்கிறான் என்ற காகிதத்தை எப்படிக் கொடுப்பது? கொடுத்தால் இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கிழவி வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்? கிழித்தால், முத்திரை வைத்த காகிதத்தைக் கிழித்தவள் என்று மாமியார் அவள் முகத்தில் விழிப்பாரா? அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டில் மாமியார் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாயங்கால வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

"கெடச்சுதா?"

"ஒரு பேப்பர் குடுத்தாங்க அத்தே" என்றாள் அவள். கையில் கொடுத்துவிட்டுத் தூணோடு தூணாக நின்றாள்.

மாமியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலில் முத்திரைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார், மூன்றும் அசல். பிறகு, கோர்ட்டில் படித்த பழக்கத்தில், உரக்கப் படித்தார்.

"மேற்படி சாட்சி ஐந்தாம் பொருளில் விமானம் என்னும் சொல்லின் பொருட்டு, ஆண்டுதோறும் முதல் மாதம் மூன்றாம் தேதி, காலை சரியாகப் பத்து மணிக்கு ஆஜராகி, ஒருமுறையேனும் தவறாமலும் தாமதிக்காமலும் கையொப்பமிட்டு வருகிறார் என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது."

படித்தவர் நிறுத்தினார். அந்த வரியின் மேல் மறுபடி விரலை ஓட்டினார்.

"பத்து மணிக்கா?"

"ஆமா அத்தே."

"ஆறு வருஷமுமா?"

"ஆறு வருஷமும் போட்டிருக்கு. நானே பாத்தேன். அவரோட கையெழுத்துதான்."

மாமியார் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"பொறக்கும்போதே பதினோரு நாள் லேட்டு" என்றார். "டாக்டரம்மா கைய பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. பள்ளிக்கூடத்துல ஒரு நாளாவது மணியடிக்கறதுக்குள்ள உள்ள போயிருக்கானா? பத்தாவது பரிட்சைக்கு அரைமணி நேரம் கழிச்சுப் போனான். உன் கல்யாணத்துல நீ மாலையும் கழுத்துமா எவ்வளவு நேரம் உக்காந்திருந்தே?"

"ஒன்றரை மணி நேரம் அத்தே."

"ஒன்றரை மணி நேரம்! உங்கப்பா என்கிட்ட வந்து, மாப்பிள்ளை வருவாரா வரமாட்டாரான்னு கேட்டாரு. அப்படிப்பட்டவன், ஆறு வருஷம், ஒரு தடவகூடத் தப்பாம, டாண்ணு பத்து மணிக்குப் போய் நிக்கிறான்னா..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உசிரோட இருக்கற என் புள்ள அப்படிப் போகமாட்டாம்மா. என் புள்ள இல்லம்மா. போயிட்டான்."

மாமியாரின் முகம் கோணியது. ஆறு வருஷமாகக் கட்டிவைத்த முகம் ஒரு பக்கமாகச் சரிந்து, உதடு துடித்து, வாய் திறந்தது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது.

"எல்லாத்துக்கும் லேட்டாப் போனவன்... அந்த விமானத்துக்கு மட்டும் ஏம்மா நேரத்துக்குப் போனான்? அதுக்கும் அரைமணி நேரம் கழிச்சுப் போயிருக்கக் கூடாதா?"

அவர் இரண்டு கையையும் நீட்டினார். மருமகள் ஓடிப்போய் அவர் மடியில் முகம் புதைத்தாள். மூன்று கலரில் முத்திரை வைத்த காகிதம் இருவருக்கும் நடுவே நசுங்கி நனைந்தது. அக்கம்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் படியேறி வந்தார்கள்.